பெயர் தெரியாத சகோதரிக்காக

முழங்கால் போட்டதும் எப்சிபாவுக்கு முதலில் வந்தது ஆண்டவருடைய நாமம் இல்லை, மரம். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக ஓடுகிற மர அழியின் மேல்சட்டம் வேங்கை, கை பட்டுப் பட்டுக் கறுத்த நல்ல பழைய வேங்கை. கீழ்ச்சட்டம் பிற்பாடு யாரோ மாற்றிப் போட்ட வேப்பமரம், மேலே வார்னிஷைப் பூசி ரெண்டும் ஒண்ணுதான் என்று காட்டியிருக்கிறார்கள், எந்தக் கமிட்டிக்காரன் எந்த ஆசாரியிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றானோ. இடிக்கிற வீடுகளில் கதவும் ஜன்னலும் நிலையும் வாங்கி விற்றே இத்தனை வருஷத்தை ஓட்டியவளுக்குக் கண் அப்படித்தான் போகும், கோயிலென்று பார்க்காது, சாவு வீடென்று பார்க்காது. சீ, ஜெபிக்க வந்த இடத்தில் என்ன புத்தி இது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று நாக்கை இழுத்துப் பிடித்து ஆரம்பித்தாள். மத்தியானம் ரெண்டு மணி. நாளைக்குக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை. அதற்காகச் சங்கிலி ஜெபம், இன்று விடிந்ததிலிருந்து நாளை விடிகிறவரை, சபையில் ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒருவர் எழும்புமுன் அடுத்தவர் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டுவிட வேண்டும், நடுவில் கொஞ்ச நேரம்கூடக் கோயில் ஜெபமில்லாமல் இருக்கக் கூடாது, சங்கிலி அறுந்தால் அந்த வருஷம் சபைக்கு நல்லதில்லை என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பயங்காட்டி வைத்திருக்கிறார்கள். ரெண்டு முதல் மூன்று யாரும் கேட்காத நேரம், சாப்பிட்டதும் கண் சொருகும், கடையிலும் அப்போது வியாபாரம் கிடையாது, அதனால் வருஷா வருஷம் அது எப்சிபாவுக்கு. மூன்றுக்குப் பாக்கியசீலி வருவாள். ரெண்டுவரை இருந்துவிட்டு எழுந்து போன வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற நாளென்றால் என்னம்மா, வெயில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கேட்கவில்லை. அல்லது கேட்டு, இவள் காதில்தான் விழவில்லையோ. மூன்று நாளாகக் காதில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெபக் குறிப்புகளைக் காலையிலேயே சபைப் போதகர் ஐயர் பெண்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மழைக்காக. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக. ஐயரம்மாவின் முழங்கால் வலிக்காக. கடைசியில், பஸ் ஸ்டாண்டில் காயப்பட்ட பெயர் தெரியாத சகோதரிக்காகவும் உடன் இருந்த குழந்தைக்காகவும். காயப்பட்டாளாம். வாழைப்பழத் தோலை மிதித்து வழுக்கி விழுந்தவளைச் சொல்கிற மாதிரி. மழைக்காக எப்சிபா கருத்தாக ஜெபித்தாள், குளம், கிணறு, ஆடு மாடு எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கேட்டாள், பரீட்சைப் பிள்ளைகளை வீடு வீடாக நினைத்துக் கேட்டாள், ஐயரம்மாவின் வலது முழங்காலுக்கும் இடது முழங்காலுக்கும் தனித்தனியாகக் கேட்டாள், அதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லாமல் நாலாவதின் வாசலில் வந்து நின்றாள். ஆண்டவரே, அந்தச் சகோதரியை. அந்தச் சகோதரியை என்ன? தொடும். சுகமாக்கும். இரத்தம் போனதைத் திரும்பக் கொடும். பேர் தெரியாதவளுக்கு எப்படிக் கேட்பது, ஆண்டவர் கணக்கில் எந்தப் பேரில் இருக்கிறாளோ. திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள், தலையில் அடி, நினைவு வரவில்லை. பிள்ளையைச் சர்க்கார் விடுதியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், தமிழ் தெரியாது அதற்கு, அம்மா என்று ஒன்றைத்தான் சொல்கிறதாம், அது எந்தப் பிள்ளையும் சொல்கிறதுதானே என்கிறார்களாம். நேற்று ஐயர் இன்னொன்றும் போட்டிருந்தார். இந்தப் பெண்ணையும் பிள்ளையையும் இதற்கு முன்னால் சேர்த்துப் பார்த்தவர்கள் யாராவது ஸ்டேஷனில் வந்து சொன்னால் பிள்ளையைத் தாயிடம் சேர்க்க உதவியாயிருக்கும், இல்லையென்றால் வழக்கு வேறு மாதிரி போகும் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கை, கும்பிடுகிற கை, ஒரு புறா, ஒரு ரோஜாப்பூ. எப்சிபாவும் ஒரு கும்பிடுகிற கை போட்டாள்.

விசிறி சுற்றுகிறது, இல்லை, சுற்றுகிற சத்தம் வருகிறது, காற்றைக் காணோம். கழுத்தில் வேர்வை ஊர்கிறது. அந்தப் படம் யார் அனுப்பியது என்று இன்றைக்குக் கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது, எங்கிருந்தோ எவளுக்கோ வந்து எவளோ அனுப்பியது, சாக்குப்பையோடு ஒருத்தி நிற்கிறாள், பக்கத்தில் அழுகிற பிள்ளை, பிள்ளை பிடிக்கிற கூட்டம் நம் பகுதிக்குள் வந்துவிட்டது, தயவுசெய்து ஜெபிக்கவும், பத்துப் பேருக்கு அனுப்பவும். அந்த ஜெபிக்கவும்தான். அதில்தான் விழுந்தாள். எவன் எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும், இது தேக்கு என்றால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், கட்டைவிரல் கணுவால் தட்டி மண்டைக்குள் சத்தம் எப்படி விழுகிறது என்று கேட்பாள், நூறு சொன்னால் முப்பதில் ஆரம்பிப்பாள், பெற்ற தகப்பன் வந்து சொன்னாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் ஒரு பலகை வாங்கியதில்லை. ஜெபக் குறிப்பு என்று வந்ததும் முழுசாக வாங்கிக்கொண்டாள். யாராவது ஜெபத்தில் பேரம் பேசுவார்களா. அக்கா, எங்க மாமனாருக்கு நெஞ்சுவலி, ஜெபிங்க என்றால் எங்கே, ரிப்போர்ட்டைக் காட்டு என்று கேட்க முடியுமா. கண்ணை மூடச் சொல்கிறார்கள், மூடுகிறோம், மூடின கண்ணுக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம்போல. ஆவிகளைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ஐயர் எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறார், அதை அவள் பேய் விரட்டுகிறவர்களுக்குச் சொல்கிறதாக எண்ணித் தூங்கியிருக்கிறாள். அன்றைக்குக் கடையில் ஒரு காண்ட்ராக்டரோடு நிலைச்சட்டத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள், கோபம் நாக்கு நுனியில் சூடாக இருந்தது, அந்தச் சூட்டோடு போனைத் தூக்கி வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஏட்டி, எல்லாரும் கேளுங்க, நான் எப்சிபா பேசுதேன். பிள்ளை பிடிக்கிறவளுவ நம்ம பக்கம் வந்துட்டாளுவ. ஒருத்தியையும் நடையேத்தாதீங்க. பிள்ளைகளுக்காக முழங்கால் போட்டு ஜெபிங்க. அவ்வளவுதான் சொன்னாள். அவ்வளவுதானா. அவ்வளவுதான். எப்சிபாக்கா சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும், அவளை எவன் ஏமாத்த முடியும் என்று அதை மகனுக்கு அனுப்பினாள் ஒருத்தி, புருஷனுக்கு அனுப்பினாள் ஒருத்தி, ஆட்டோ ஸ்டாண்டு, இறைச்சிக்கடை, இரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டு.

கடைக்குச் சுமை இறக்க வந்தவன் நேற்றுச் சொன்னான், சொல்லாமல் இருந்திருக்கலாம் அவன். "உங்க குரல்தான்க்கா ஓடிச்சு. அவ எம்பிள்ளை எம்பிள்ளைன்னு கெஞ்சுதா, இவனுவ போனைத் தூக்கிப் பிடிச்சு, இந்தா கேளு, கேளுன்னு சத்தமாப் போட்டானுவ. ரெண்டு மூணு தடவை போட்டானுவ." அவன் பெருமையாகத்தான் சொன்னான். அப்படியானால் அவள் கேட்டிருக்கிறாள். கல்லும் செருப்பும் விழுகிற நடுவில், சுற்றி நிற்கிற அத்தனை முகமும் அந்நியமாக இருக்கும்போது, ஒரு குரல் மட்டும் தெரிந்த குரலாகக் கேட்டிருக்கும். சீ. எங்கே தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும். ஆண்டவரே, இதோ பாரும், நான் ஒன்று சொல்கிறேன், அவளை நீர் எழுப்பிவிடும், நான் இந்த அழியை முழுசாகத் தேக்கில் மாற்றித் தருகிறேன், என் கையாலே பொறுக்கி எடுத்த பர்மாத் தேக்கு. ஒன்றும் வரவில்லை. வாசல்கதவையும் சேர்த்துக்கொள்ளும். ஒன்றும் வரவில்லை. பேரத்தில் இவள் பயப்படுகிறது கத்துகிறவனுக்கு இல்லை, பேசாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான், பேசாதவனுக்கு முன்னால் நாமே ஏற்றிக்கொண்டு போவோம், தூக்குச்சட்டி கேட்டவள் பிளாஸ்டிக் பேசினுக்கு இறங்கினாளே, அந்த மாதிரி. எங்கிருந்து வந்தது இப்போது தூக்குச்சட்டி. வேண்டாம். மழைக்காக ஜெபிப்போம். குளத்துக்காக.

பக்கத்தில் வைத்திருந்த கைப்பைக்குள் போன் உறுமியது, சிமெண்டுத் தரையில் வண்டு மாட்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி. ஜெப நேரத்தில் போனைத் தொடக் கூடாது. மறுபடி உறுமியது. மறுபடி. எடுத்தாள். குழுவில் புதிதாக ஒன்று வந்து விழுந்திருந்தது, அனுப்பியவள் அடுத்த தெருக்காரி. பிடிபட்ட பெண் உண்மையிலேயே பிள்ளை பிடிக்கிறவள்தான், குழந்தை அவளுடையது இல்லை என்று நிரூபணமாகிவிட்டது, போலீஸ் மறைக்கிறது, கர்த்தர் நம் சபைப் பிள்ளைகளை ஆச்சரியமாகக் காத்துக்கொண்டார், ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கவும், எல்லாருக்கும் அனுப்பவும். அதற்குக் கீழே ஒருத்தி: அப்பாடா, ஸ்தோத்திரம். இன்னொருத்தி: நான் அன்னைக்கே நெனச்சேன். இன்னொருத்தி: எப்சிபாக்கா, நீங்க சொல்லுங்க, இது உண்மையா? நீங்க சொன்னா எங்க குடும்பக் குழுவுக்கும் அனுப்பிருவேன். எப்சிபாவுக்கு உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது, உச்சியில் யாரோ ஒரு செம்பு தண்ணீர் ஊற்றின மாதிரி, தோள் தொங்கிப்போனது, கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியானால் சரி. அப்படியானால் இவள் சொன்னது உண்மை. அடித்தவன் அடித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அது தப்புதான், ஆனால் சொன்னவள் சொன்னது உண்மை. ஆண்டவரே ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், கெஞ்சினேனே, கேட்டுவிட்டீரே. இன்று ராத்திரி தூங்கலாம். இப்போதே ஒரு வார்த்தை, ஆமா, உண்மைதான் என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டால் எல்லா வீட்டிலும் எல்லாரும் தூங்குவார்கள். கட்டைவிரல் அந்த மைக் படத்தின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை. விரல் நின்றது, வாய்க்குத் தெரியாததை விரல் அறிந்துகொண்ட மாதிரி. ஒருவன் நாம் தேடுகிற அதே அளவில், தேடுகிற அதே மரத்தில், கேட்பதற்கு முன்னாலேயே கதவைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்தால் எப்சிபா என்ன செய்வாள், போய்யா என்று விரட்டுவாள், இவ்வளவு பொருத்தமாக இருந்தால் இது திருட்டு, இல்லை உள்ளே செல்லரித்தது. இது அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. நிரூபணமாகிவிட்டதாம், யார் நிரூபித்தது? தமிழ் தெரியாத பிள்ளை எந்தப் பாஷையில் சொன்னது, கேட்டவன் யார்? போலீஸ் மறைக்கிறதாம், மறைத்ததை அந்த அடுத்த தெருக்காரி எந்தச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தாள்? தட்டினால் டொக்கு டொக்கென்கிறது. ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறதே. விட மனசில்லையே. பொய் என்றால் கசக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், இது தாகத்துக்குக் கிடைத்த தண்ணீர் மாதிரி அல்லவா இருக்கிறது, ஆண்டவரே, நீர்தான் கொடுத்தீரோ, நீர் இல்லையென்றால் வேறு யார் இந்தக் கோயிலுக்குள் வந்து எனக்கு இதைக் கொடுத்தது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வைத்ததும் அது வந்துவிட்டது, இத்தனை நாள் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம், கடைக்குள்ளே, அடுக்கி வைத்த நிலைச்சட்டங்களின்மேல் உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பெண், மடியில் மூன்று வயசிருக்கும் ஒரு பொட்டப்பிள்ளை, கையில் சின்னத் தராசு. முடி வாங்குகிறவள், பஸ் ஸ்டாண்டில் அதே தராசு மிதிபட்டுக் கிடந்ததாகச் சுமை இறக்கினவன் சொல்லியிருந்தான். சீவும்போது உதிர்ந்ததையெல்லாம் எப்சிபா ஒரு கவரில் அடைத்து ஜன்னல் கம்பியில் சொருகி வைத்திருந்தாள், வருஷக்கணக்கான முடி. "இம்புட்டுக்கு ஒரு தூக்குச்சட்டியாவது தரணும்ட்டி" என்றாள் இவள். அவள் ஒரு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிள்ளையிடம் வேறு ஏதோ பாஷை பேசுகிறவள், வியாபாரத்துக்கு மட்டும் தமிழ். "முடியா இது? அணிலு கூடும்மா. பேசின் எடுத்துக்கோ." "பேசினை உன் தலையில கவுத்துக்கோ. என் முடி இடுப்புக்குக் கீழே தொங்குன முடி, தெரியுமா?" "தொங்குச்சு. இப்ப எங்கே தொங்குது?" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் விலை கேட்க வந்திருந்த பாக்கியசீலியும் சேர்ந்து சிரித்தாள். எப்சிபாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஏற்றினாள், இறக்கினாள், கவரைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோனாள், திரும்பக் கொண்டுவந்தாள். அந்தப் பெண் அதற்குப்பிறகு வாயே திறக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தராசுச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது, படார் என்று முதுகில் ஒன்று வைத்தாள், பிள்ளை வீரிட்டது. வீரிட்டு எங்கே ஓடியது? எப்சிபா நின்ற பக்கம் ஓடவில்லை, பாக்கியசீலி கையை நீட்டினாள், அங்கும் போகவில்லை. அடித்தவளின் மடிக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது, அவள் சேலைத் தலைப்பை இழுத்து வாயில் அதக்கிக்கொண்டது. அடித்த கை, பார்க்காமலே, தெருவைப் பார்த்தபடியே, அடித்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. திருடிக்கொண்டு வந்த பிள்ளை அடித்தவளிடமா போய் ஒளியும்? பிள்ளை பெற்றவளுக்கு அதற்குமேல் என்ன ரிப்போர்ட் வேண்டும், என்ன நிரூபணம் வேண்டும்.

கடைசியில் பேசினை வாங்கிக்கொண்டாள் எப்சிபா. நீல பேசின், வீட்டில் இருக்கிறது, அதில்தான் அரிசி களைகிறாள். "எப்சிபாக்காவையே மடிச்சுப் பையில போட்டுட்டாளே, ஆண்டவரே!" என்று பாக்கியசீலி தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அது உள்ளே கிடந்தது. சிரிப்புத்தானே, போகட்டும் என்று விட்டிருந்தாள், போகவில்லை, உள்ளே கிடந்து புளித்திருக்கிறது. எதில் கொண்டுபோய்விட்டது என்றால். இல்லை. வேண்டாம் ஆண்டவரே. ஐயரம்மாவின் முழங்கால். பரீட்சைப் பிள்ளைகள். எப்சிபா போனைத் திரும்ப எடுத்தாள், மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள், கும்பிடுகிற கைகள், புறாக்கள், ரோஜாப்பூக்கள், அவளுடைய குரல் பதிவு சின்னக் கோடாக அங்கே கிடந்தது. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்து அமுக்கினாள். ஏட்டி, எல்லாரும் கேளுங்க, நான் எப்சிபா பேசுதேன். பிள்ளை பிடிக்கிறவளுவ நம்ம பக்கம் வந்துட்டாளுவ. முடி வாங்க வாரேன், பேசின் தாரேன்னு வருவாளுவ, சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாளுவ. ஒருத்தியையும் நடையேத்தாதீங்க. முடி வாங்க வாரேன். அதை அவள் சொன்னாளா? அவள் குரல்தான். அதற்குமேலே கிடந்த அந்தப் படத்தை விரித்தாள், எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள், சாக்குப்பை இருந்தது, பெண் இருந்தாள், முடி எங்கேயும் இல்லை. பேசின் எங்கேயும் இல்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. காண்ட்ராக்டரோடு கத்தின சூட்டில், வாய் தானாக, அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் அதில் சேர்த்துவிட்டது. பொய்ச்சாட்சி என்றால் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொல்கிறது என்று நினைத்திருந்தாள். ஜெபிங்க என்று சொல்லிக்கொண்டேயும் சொல்லலாம்போல. சொல்லும்போது அது பொய்யென்று அவளுக்குத் தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது, இப்போது வாயிலிருந்து வருகிற ஜெபத்தில் எது யார் சேர்த்தது என்று எப்படித் தெரியும். ஸ்தோத்திரம் என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவேண்டிய சொல்லாக இருந்தது. ஆளில்லாத கோயில், மேலே வளைவுகளில் வௌவால் வாடை, சொன்னது அங்கே முட்டிக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது, அவள் குரலில், ஆனால் அவள் வாய் மூடியிருந்தது.

போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். தூக்குச்சட்டி வேண்டுமென்று கேட்கிறவள் குரலா இது, தேய்ந்து போயிருக்கிறது. நான் எப்சிபா பேசுதேன். அன்னைக்கு நான் அனுப்புனதுல, முடி வாங்குதவன்னு சொன்னேன்லா, அது எனக்கு யாரும் சொல்லல, நானாச் சேத்துச் சொன்னது, அவமேல இருந்த கோவத்துல சொன்னது. இப்போ வந்துருக்கதும் பொய். அது அவ பிள்ளைதான், நான் ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துருக்கேன். ஸ்டேஷன்ல போய்ச் சொல்லப்போறேன். பாத்த வேற யாரும் இருந்தா எங்கூட வாங்க. விரலை எடுத்தாள். போய்விட்டது. அதைச் சொல்லி முடித்தால் லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை, மாடிப்படியில் இல்லாத ஒரு படியை மிதித்த மாதிரி இருந்தது. கேட்டுவிட்டார்கள் என்று நீலக் கோடு வந்தது. ஒருத்தி எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது. இன்னொருத்தி எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது. கும்பிடுகிற கைகூட வரவில்லை. போலீஸ் அவளை என்ன செய்வார்கள். கடையைப் பூட்டச் சொல்வார்களா. கோயிலில் நற்கருணையை நிறுத்துவார்களா. தெருவில் போகும்போது எந்த வாசலிலிருந்து என்ன வந்து விழும். கல் விழும்போது முதலில் சத்தம் கேட்குமா, வலி தெரியுமா. அவளுக்கு எது முதலில் தெரிந்திருக்கும். எப்சிபா தலையைக் கையால் மூடிக்கொண்டாள், மூடியதை உணர்ந்து கையை எடுத்தாள்.

செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம். பாக்கியசீலி மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுப் பாதையில் குடுகுடுவென்று ஓடிவந்து பக்கத்தில் விழுந்து முழங்கால் போட்டாள், மூச்சு வாங்கியது. "அக்கா, குழுவைப் பாத்தியளா? உங்க குரல்ல எவனோ பேசி அனுப்பியிருக்கான்! அப்படியே உங்க குரல்க்கா, அந்த ஏட்டி மட்டும்தான் இல்ல. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே குரல் செய்யுதானுவளாம்லா. நம்பாதீங்கன்னு நான் எல்லாக் குழுவிலயும் போட்டுட்டேன், நீங்க கவலைப்படாதீங்க." போனைத் திருப்பிக் காட்டினாள். இது எங்க அக்கா குரல் இல்ல. இது சாத்தான் வேலை. எங்க அக்கா இப்படி அழுது பேசுற ஆளா? எல்லாருக்கும் அனுப்பவும். கும்பிடுகிற கைகள் மறுபடி வரிசையாக வந்திருந்தன.

"அது நான்தான்" என்றாள் எப்சிபா.

"சும்மா இருங்கக்கா, கோயில்ல வச்சு. மணி அடிக்கப் போகுது, நீங்க ஆமென் சொல்லி முடிங்க, நான் எடுத்துக்கிடுதேன்."

"ஏட்டி, நான்தான்ங்கேன். இப்போ, இந்த எடத்துல வச்சுத்தான் பேசுனேன்."

பாக்கியசீலி கேட்காத மாதிரி கையைக் கூப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பெரிய குரலில் ஆரம்பித்துவிட்டாள். பரலோகத்தின் தேவனே, எங்கள் அருமை அக்காவின் குரலை எடுத்துக்கொண்டு பேசுகிற பொய்யின் ஆவியை நீர் கட்டும், எங்கள் சபையைக் கலங்கப்பண்ணுகிறவனை வெட்கப்படுத்தும், எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும், அவர்கள்மேல் ஒரு பழியும் வராதபடி. வழக்கம் என்னவென்றால் அடுத்தவர் ஆரம்பித்ததும் முன்னவர் ஆமென் சொல்லி எழும்பவேண்டும். எப்சிபாவின் வாய் பழக்கத்தில் திறந்துகூட விட்டது. திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு பாக்கியசீலியைப் பார்த்தாள். மூடின இமை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளைகளை என்று ஏன் கேட்டாள், குறிப்பில் அது இல்லையே. அவள் புருஷன் நேற்று வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் போனான், பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். பைக் ஒரு கீறலுமில்லாமல் வீட்டுச் சாய்ப்பில் நின்றதைப் பார்த்தவள் எப்சிபா. முட்டியில் சிராய்ப்பில்லாமல், சட்டையில் மண்ணில்லாமல், விரல் கணுக்கள் மட்டும் அடிபடுகிற விழுகை என்ன விழுகை.

"பாக்கியம், கண்ணைத் தொற."

ஜெபம் இன்னும் சத்தமாக ஏறியது. எப்சிபா அவள் கூப்பிய கைகளை ரெண்டு கையாலும் பிடித்துப் பிரித்தாள், விறகுக்கட்டைப் பிரிக்கிற மாதிரிப் பிரிக்கவேண்டியிருந்தது. "கண்ணைத் தொற. இந்தா என் வாயி. பாத்துக்கிட்டே கேளு, கம்ப்யூட்டரா பேசுது? நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. அது அவ பிள்ள. நீயும் எங்கூட நின்னு பாத்த. அது உங்கிட்ட வரலேல்லா? நீ கைய நீட்டுன, அது வரலேல்லா?"

ஜெபம் பாதி வார்த்தையில் நின்றது. பாக்கியசீலி கண்ணைத் திறந்தாள். அதில் சந்தேகம் இருக்கும் என்று எப்சிபா நினைத்திருந்தாள், திட்டுவாள், பேய் பிடித்துவிட்டது என்று கத்துவாள் என்று நினைத்திருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. நம்பிவிட்டவளுடைய கண். முதலிலேயே நம்பிவிட்டவளுடைய கண். அந்தக் குரலைக் கேட்ட அந்த நொடியே இது அக்காதான் என்று தெரிந்துகொண்டு, தெரிந்ததை எல்லாக் குழுவிலும் தேடித் தேடி அடித்துக் கொன்றுவிட்டு வந்திருக்கிறாள்.

"வேண்டாம்க்கா" என்றாள் மெதுவாக. "நீங்க போனா போலீசு எங்க வீட்டுக்குத்தான் வரும். எங்க வீட்டு அவுக தெரியாமப் பண்ணிட்டாவக்கா. எனக்கும் பிள்ளைக இருக்குல்லா."

"அவளுக்கும் இருக்கு" என்று எப்சிபா எழுந்தாள். காலில் ரத்தம் ஓடவில்லை, ஊசி குத்தியது, அழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபுரத்தில் மணி மூன்று அடித்தது, அடித்து ஓய்ந்தபிறகு கோயிலில் ஒரு குரலும் இல்லை, யாரும் ஜெபிக்கவில்லை. நடக்கத் திரும்பினபோது பின்னாலிருந்து சேலை இறுகியது. பாக்கியசீலி தரையிலிருந்தபடி அவள் தலைப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்சிபா திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் எட்டு வைத்தாள், சேலை தோளை அறுத்தது, இன்னோர் எட்டு வைத்தாள். பின்னால் முழங்கால் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் எழுந்துவிட்டாள் போல, இழுப்பு தளர்ந்தது, ஆனால் பிடி விடவில்லை. தடுக்கிறாளா, கூட வருகிறாளா என்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை. ரெண்டு பேருமாக வாசல் வெயிலுக்குள் இறங்கினார்கள்.